ஹைட்ரோகார்டிசோனா, பிரெட்னிசோலோனா? அட்ரினல் குறைபாட்டுக்கு எந்த மாத்திரை யாருக்குப் பொருந்தும்

அட்ரினல் குறைபாடு, அதாவது அட்ரினல் சுரப்பியிலிருந்து போதிய கார்டிசால் ஹார்மோன் வராத நோய், என்று உறுதியானவர்களிடம் இருக்கும் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும். ஒருவருக்கு ஹைட்ரோகார்டிசோன்: காலை 10 மி.கி., மதியம் 5, மாலை 5. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு பிரெட்னிசோலோன் 5 மி.கி., காலையில் ஒரே ஒரு மாத்திரை. மூன்றாமவர் வேறு ஊரிலிருந்து டெக்ஸாமெத்தசோன் 0.5 மி.கி. எழுதிய சீட்டோடு வந்திருப்பார். மூவருக்கும் ஒரே நோய், ஆயுள் முழுக்க மருந்து. இதில் எது சரி?

என் அம்மாவுக்கு இந்த நோய் வந்த பிறகு நான் ஹார்மோன் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்து, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடையில்லாமல் கிடைத்து, வேளைதவறாமல் போடவும் முடிந்தால் ஹைட்ரோகார்டிசோன்தான். இந்த இரண்டில் ஒன்று நடக்காது என்றால் தயங்காமல் பிரெட்னிசோலோன். டெக்ஸாமெத்தசோனை தினசரி மாத்திரையாக வைத்துக்கொள்ள வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டில் ஒரு ஹைட்ரோகார்டிசோன் ஊசி மருந்து இருக்கவேண்டும். அளவையும் மாற்றத்தையும் உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்கவேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்து போவதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருந்துக்குப் போகுமுன் ஒரு பயத்தைத் தீர்த்துவிடவேண்டும். "ஸ்டீராய்டா? உடனே நிறுத்திடுங்க, கிட்னி போயிடும்" என்று சொல்லாத உறவினர் கிடையாது. இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நம் எல்லோர் உடம்பிலும் தினமும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. அது இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்காது, சர்க்கரை அளவு நிற்காது, ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. ஆஸ்துமா முற்றும்போது பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மி.கி. வரை கொடுப்பார்கள். அது வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் மருந்து. அட்ரினல் நோயாளி எடுக்கும் 4 அல்லது 5 மி.கி., உடம்பில் இருக்கவேண்டியது இல்லாமல் போனதால் வெளியிலிருந்து நிரப்பும் அளவு. சரியான அளவில் நிரப்பினால் முகம் ஊதுவது, எலும்பு தேய்வது போன்றவற்றுக்குப் பெரிதாக அஞ்சவேண்டியதில்லை. நிறுத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

எந்த மாத்திரை என்ற கேள்விக்குப் பாதி விடை, உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்பதில் இருக்கிறது. சுரப்பியே கெட்டுப்போவது முதல் வகை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தது இதைத்தான், அவர் பெயரிலேயே அடிசன் நோய் என்கிறார்கள். அவர் காலத்தில் இதற்குப் பெரிய காரணம் காசநோய். மேலை நாடுகளில் இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் முதல் காரணம். நம் நாட்டில் காசநோயும், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சைத் தொற்றும் இன்னும் முக்கியமான காரணங்கள். அம்மாவுக்குக் காசநோய்தான். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறு எல்லாம் கறுத்துக்கொண்டே வந்தன. வெயிலில் அலைகிறார் என்று நினைத்தோம். சோற்றை விட்டுவிட்டு எலுமிச்சை ஊறுகாயை மட்டும் வழித்துச் சாப்பிடுவார். உப்பைத் தேடும் அந்த ஆசை நோயின் குறி. கார்டிசாலோடு சேர்ந்து, உப்பை உடம்பில் நிறுத்திவைக்கும் அல்டோஸ்டிரோனும் இந்த வகையில் போய்விடுகிறது. சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.

இரண்டாவது வகையில் சுரப்பி நன்றாக இருக்கும். மூளைக்கு அடியில் இருந்துகொண்டு அதை வேலை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டிருக்கும். கட்டி, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவை காரணங்கள். பிரசவத்தில் அளவு மீறி ரத்தம் போய் பிட்யூட்டரி பாதிக்கப்படும் ஷீஹான் நோய் நம் ஊர்ப் பெண்களிடம் இன்னும் பார்க்கப்படுகிறது. பிள்ளை பெற்றதும் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, பல ஆண்டு சோர்வு என்று ஒரு பெண் சொன்னால் இதை நினைக்கவேண்டும். இவர்களுக்குத் தோல் கறுக்காது. அல்டோஸ்டிரோன் பெரும்பாலும் தப்பிவிடும்.

மூன்றாவதுதான் எண்ணிக்கையில் அதிகம்: நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்ததால் சுரப்பி தூங்கிப்போவது. ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்கு மருத்துவரே எழுதிய மாத்திரையாக இருக்கலாம். முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசிய க்ரீமாக இருக்கலாம். மூட்டுவலிக்கென்று யாரோ பொட்டலத்தில் கொடுத்த, பெயரே இல்லாத பொடியாகவும் இருக்கலாம். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்ததே தெரியாமல் ஒருநாள் நிறுத்துவார்கள். சில நாளில் வாந்தி, மயக்கம் என்று படுத்துவிடுவார்கள்.

பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், காலை 8 மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி, 15 அல்லது 18-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் இல்லை. நடுவில் நின்றால், அட்ரினலைச் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச்.-ஐ ஊசியாகப் போட்டு சுரப்பி எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். பிரெட்னிசோலோன் சாப்பிட்டுக்கொண்டே கார்டிசால் பரிசோதித்தால் பல ஆய்வகக் கருவிகள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு ரிப்போர்ட் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி மாத்திரைகள்.

ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசாலேதான். உடம்பு தானே சுரப்பதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. அதன் பெரிய பலமும் பெரிய தொல்லையும் ஒன்றே: சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். ரத்தத்தில் இருப்பதில் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும். இயல்பான உடம்பில் கார்டிசால் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, விழிக்கும் நேரத்தில் உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி நள்ளிரவில் அடித்தட்டில் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சமாவது ஒத்துப்போக வைக்க, நாளுக்கு 15 முதல் 25 மி.கி. வரையான அளவை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, விழித்ததும் பெரிய பங்கைப் போடவேண்டும். கடைசிப் பங்கைத் தூங்குவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே முடித்துவிடவேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தூக்கம் கெடும். இரவில் உடம்பு ஓய்வெடுக்கவேண்டிய நேரத்தில் கார்டிசால் உயர்ந்து நிற்பது சர்க்கரைக்கும் எலும்புக்கும் நல்லதில்லை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், அம்மாவின் தலைமாட்டில் ராத்திரியே ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு மாத்திரையும் வைத்திருப்போம். கண் விழித்ததும் எழாமல் படுத்தபடியே போட்டுக்கொள்வார். அரைமணி நேரம் கழித்து எழுந்தால் கால் தரையில் உறுதியாக நிற்கும். மாத்திரையை மறந்து அடுப்படிக்குப் போன நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 5 மி.கி. கிடைக்காத மாதங்களில் 10 மி.கி. மாத்திரையை வெட்டவேண்டியிருக்கும். கத்தியில் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மற்றது தூளாகவும் போகும். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மாத்திரை வெட்டும் சின்ன டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சரிப்படாது.

இதன் உண்மையான குறை கிடைப்பதில்தான். ஹைசோன் என்ற பெயரில் பெருநகரக் கடைகளில் கிடைக்கும். சிற்றூரில் கேட்டால் ஹைட்ரோகார்டிசோன் களிம்பை எடுத்துக் கொடுப்பார்கள். "ரெண்டு நாள்ல வரவெச்சுத் தர்றேன்" என்பார் கடைக்காரர். இந்த நோயில் இரண்டு நாள் என்பது மிக நீண்ட காலம். கையில் எப்போதும் ஒரு மாத இருப்பு வைத்துக்கொள்ள முடியாத குடும்பத்துக்கு, புத்தகத்தில் முதல் இடம் பிடித்த இந்த மருந்து ஆபத்தான தேர்வாகிவிடலாம்.

பிரெட்னிசோலோனின் பக்கம் நியாயம் இங்கேதான் தொடங்குகிறது. வைசலோன், ஆம்னகார்டில் என்று எந்தப் பேருந்து நிலையக் கடையிலும் கிடைக்கும். அரசு மருத்துவமனையிலும் தருவார்கள். விலை குறைவு. வேலை செய்யும் நேரம் நீளம் என்பதால் காலையில் ஒரு வேளை பெரும்பாலோருக்குப் போதும். மதிய மாத்திரையை எடுத்துக்கொள்ள இடைவேளையே கிடைக்காத தையல் தொழிற்சாலைப் பெண்ணுக்கும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கும், மறதி வந்துவிட்ட தாத்தாவுக்கும் மூன்று வேளைக் கணக்கு காகிதத்தில்தான் நடக்கும். தவறாமல் போடும் ஒரு வேளை, அடிக்கடி தவறும் மூன்று வேளையைவிடப் பாதுகாப்பு.

ரமலான் நோன்பு இருக்க விரும்புபவர்களுக்கும் இதே யோசனையைத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த நோயில் நோன்பே ஆபத்து, விலக்கு உண்டு என்பதை முதலில் சொல்வார்கள். அப்படியும் இருக்க விரும்பினால் முன்கூட்டியே பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் நேரத்தில் போடச் சொல்வார்கள். தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் அந்தக் கணமே நோன்பை முறிக்கவேண்டும். நம்மவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பிரெட்னிசோலோனின் பாதகம், அளவு கூடிவிடுவது எளிது என்பது. 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்கு 5 மி.கி. பிரெட்னிசோலோன் சமம் என்று கணக்குப் போடுவார்கள். பலருக்கு 3 அல்லது 4 மி.கி.யே போதும், லண்டன் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் இந்தக் குறைந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரில் 5 மி.கி. மாத்திரை எளிதில் கிடைப்பதால் அதையே எழுதி, சோர்வு என்று சொன்னதும் 7.5 ஆக்கிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் அந்தக் கூடுதல் 2.5 உள்ளே போனால் எடை, சர்க்கரை, எலும்பு எல்லாவற்றிலும் அது தெரியும். ஐரோப்பிய நோயாளிப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில், பிரெட்னிசோலோன் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே இதில் இருப்பவர்கள் எடையையும் சர்க்கரையையும் எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொண்டே வரவேண்டும். என் பார்வையில் பிரெட்னிசோலோன் குறைந்த தரமான மருந்து இல்லை, அளவில் கண்டிப்பு கேட்கும் மருந்து.

டெக்ஸாமெத்தசோனை ஏன் ஒதுக்குகிறேன்? அது ஒன்றரை நாளுக்கும் மேலாக உடம்பில் வேலை செய்யும். இரவு பகல் என்ற ஏற்ற இறக்கமே இருக்காது. அரை மில்லிகிராமுக்குள்ளே கூட்டிக் குறைப்பது ஏறக்குறைய முடியாத காரியம், முகமும் வயிறும் ஊதும். உப்பை நிறுத்தும் சக்தி துளியும் கிடையாது. அதே குடும்பத்து ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோனுக்கும் இதே கதைதான். அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் அடிசன் நோய்க்கு டெக்ஸாமெத்தசோன் வேண்டாம் என்றே சொல்கிறது. சீட்டில் அது இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது மாற்றலாமா என்று கேளுங்கள்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விவாதத்துக்கே இடமில்லை, ஹைட்ரோகார்டிசோன்தான். மற்ற இரண்டும் குழந்தையின் வளர்த்தியைக் குறைக்கும். டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவிடம் போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அளவைக் கூட்டவேண்டியிருக்கலாம், பிரசவ வலி தொடங்கியதும் ஊசி வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கு இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஹைட்ரோகார்டிசோனை மெல்ல மெல்ல வெளியிடும் ஒருவேளை மாத்திரை ஐரோப்பாவில் 2011 முதல் இருக்கிறது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காத ஒன்றை வைத்து இங்கே ஒப்பிட்டுப் பயனில்லை.

முதல் வகை நோயாளிகளுக்கு, இல்லாமல் போன அல்டோஸ்டிரோனின் இடத்தை நிரப்ப இன்னொரு மாத்திரை உண்டு, ஃப்ளூட்ரோகார்டிசோன். ஃப்ளோரிகாட் என்ற பெயரில் 100 மைக்ரோகிராம் மாத்திரையாக வருகிறது. பெரும்பாலோருக்கு நாளுக்கு 50 முதல் 200 வரை தேவைப்படும். ஹைட்ரோகார்டிசோனுக்குக் கொஞ்சமாவது உப்பை நிறுத்தும் சக்தி உண்டு, பிரெட்னிசோலோனுக்கு அதைவிடக் குறைவு. எனவே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது இதன் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நின்றபடி எடுத்த பிரஷர், சோடியம், பொட்டாசியம், உப்பு குறைந்தால் சிறுநீரகம் கூடுதலாக விடும் ரெனின் ஆகியவை இதற்கு வழிகாட்டும். கத்திரி வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும். "வயசாச்சு, உப்பைக் குறைங்க" என்ற பொது அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. அம்மா வெயில் காலத்தில் தாராளமாக உப்பு போட்ட மோர் குடிக்கிறார், மருத்துவர் சொல்லித்தான்.

மருந்தோடு மோதும் மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் ஊர் நோயாளிகளுக்கு இது மிக அவசியம், ஆனால் யாரும் சொல்வதில்லை. காசநோய் சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு கார்டிசாலை வேகமாக அழிக்கும். காசநோயால் அட்ரினல் கெட்டவருக்கு, அதே காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கும்போது ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு மூன்று மடங்கு வரைகூட ஏற்றவேண்டியிருக்கும். ஏற்றாவிட்டால் மாத்திரை போட்டும் போடாத நிலைதான். அம்மாவுக்குக் காசநோய் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் படுக்கையைவிட்டு எழமுடியாமல் போனதற்கு இதுவே காரணம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாஸெபைன் மாத்திரைகளும் இதையே செய்யும். பிட்யூட்டரி நோயாளிகளுக்கு தைராய்டும் குறைந்திருக்கலாம். அப்போது கார்டிசாலை நிரப்பாமல் தைராய்டு மாத்திரையான தைராக்ஸினை முதலில் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தான நெருக்கடி வந்துவிடலாம். வரிசை முக்கியம். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தைத் தினமும் மென்றுகொண்டிருப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அது பிரஷரை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கி, அளவுக் கணக்கையே குழப்பும்.

ஸ்டீராய்டு எடுத்ததால் வந்த மூன்றாவது வகைக்காரர்களுக்கு முடிவெடுக்கும் முறையே வேறு. அவர்களுடைய இலக்கு மருந்திலிருந்து வெளியே வருவது. பெரிய அளவிலிருந்து 5 மி.கி. வரை கொஞ்சம் வேகமாக இறங்கலாம். அங்கிருந்து பிரெட்னிசோலோனையே துளித்துளியாகக் குறைக்கலாம், அல்லது ஹைட்ரோகார்டிசோனுக்கு மாறி, காலை மாத்திரைக்கு முன் கார்டிசால் எடுத்துப் பார்த்து நிறுத்தலாம். இரண்டு வழியும் ஏற்கப்பட்டவைதான். டெக்ஸாமெத்தசோன் எடுத்துவந்தவர் மட்டும் முதலில் குறுகிய நேர மருந்துக்கு மாறவேண்டும், இல்லாவிட்டால் சுரப்பிக்கு விழித்தெழ இடைவெளியே கிடைக்காது. குறைக்கும்போது வரும் உடல்வலியும் மனச்சோர்வும் கடுமையாகவே இருக்கும். மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். அதுவரை அவர்களும் முழு அட்ரினல் நோயாளிகள்தான், கீழே சொல்லும் காய்ச்சல் விதிகள் அவர்களுக்கும் உண்டு.

நல்ல சுரப்பி, காய்ச்சல் வந்தால் தானே கூடுதலாகச் சுரக்கும். கெட்ட சுரப்பிக்காக நாம் அதைச் செய்யவேண்டும். காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரட்டிப்பு, 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, குணமாகும்வரை, வழக்கமாக இரண்டு மூன்று நாள். பிரெட்னிசோலோன் 5 எடுப்பவர் அந்த நாள்களில் 10 எடுப்பார். பல் பிடுங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் தனிக் கணக்கு உண்டு, முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தி வந்து மாத்திரை நிற்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோனா பிரெட்னிசோலோனா என்ற ஒப்பீடே அங்கே முடிந்துவிடுகிறது. அப்போது ஊசி மட்டும்தான்.

மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சிலர் முடிவெடுக்கிறார்கள். இருபது நிமிடத்தில் மருத்துவமனை இருக்கும் வீட்டில்கூட நான் அதை ஏற்கமாட்டேன். எங்களுக்கு நேர்ந்தது அதனால்தான். அவசரப் பிரிவில் அம்மாவை வாந்தி பேதி என்று சேர்த்து டிரிப்ஸ் மட்டும் ஏற்றினார்கள். அட்ரினல் என்று நாங்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊசி ஏறியபோது பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. இத்தனைக்கும் இந்த ஊசி ஏறக்குறைய எல்லா அவசரப் பிரிவிலும் இருக்கும், மூச்சிரைப்புக்கும் அலர்ஜிக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

இப்போது ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு டிபன் டப்பாவில் 100 மி.கி. எஃப்கார்லின் (ஹைட்ரோகார்டிசோன் ஊசி மருந்து) குப்பி, ஊசிக்கான தண்ணீர், 2 மி.லி. சிரிஞ்சு, ஊசி, பஞ்சு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. தண்ணீரை உறிஞ்சிக் குப்பிக்குள் விட்டு, தூள் கரையும்வரை மெல்ல உருட்டி, மறுபடி உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கச் சதையில் நேராகப் போடவேண்டும். செவிலியர் ஒருவர் காலாவதியான குப்பியில் தண்ணீர் விட்டு எங்களுக்குப் பழக்கிக் காட்டினார். நீங்களும் அப்படி ஒருமுறை கைப்படச் செய்து பார்த்துவிடுங்கள், பதற்றத்தில் முதன்முறையாகப் பழகக்கூடாது. போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே சலைனும், 24 மணி நேரத்துக்கு இன்னும் 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோனும் தேவைப்படும்.

டப்பாவோடு ஒரு அட்டையையும் வையுங்கள், அதே வாசகம் நோயாளியின் பர்ஸிலும் இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில்: "எனக்கு அட்ரினல் குறைபாடு. வாந்தி, மயக்கம், விபத்து என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே போடவும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்." கீழே உங்கள் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தார் வாயால் சொல்வதைவிட அந்த முத்திரைக்கு அவசரப் பிரிவில் சீக்கிரம் மதிப்புக் கிடைக்கிறது.